ஃப்ரிட்ஜில் வைத்த குதிரைக்கறி

சாகின் பெரியவர் செத்தது ஜூலை மாதம், புல்லறுப்பின் நடுவில். எங்கள் ஊரில் யாரும் அந்த மாதத்தில் சாக விரும்புவதில்லை. ஆண்கள் எல்லாரும் மேட்டுப் புல்வெளியில் கிடப்பார்கள். குழி வெட்ட ஆள் கிடைக்காது. மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும். சாவுப் பந்திக்குக் காலையில் அறுத்த குதிரை சாயங்காலத்துக்குள் வாடை அடிக்கத் தொடங்கும். பெரியவர் உயிரோடிருந்தவரை யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்லை. மொத்தத்தையும் சேர்த்துவைத்துக் கடைசியில் கொடுத்துவிட்டார் என்று அவருடைய மூத்த மகன் துர்துபெக்கே அழுகைக்கு நடுவில் சொன்னான்.

மூன்றாம் நாள் அடக்கம் என்று முடிவானது. மகளைக் கட்டிக்கொடுத்த தலாஸிலிருந்து சம்பந்திகள் வந்தாக வேண்டும். கணவாயில் பாதை வேலை நடப்பதால் அவர்கள் வர ஒரு நாள் பிந்தும் என்று போன் வந்தபோது இங்கே குதிரையை அறுத்தாகிவிட்டது. பாதி அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. சம்பந்திகளுக்கென்று ஒதுக்கிய இடுப்பெலும்பும் விலாவும் கொழுப்பும் கொல்லையில் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கிடந்தன. ஈ மொய்த்தது. சம்பந்தியின் முன்னால் இடுப்பெலும்பை வைக்க முடியாமல் போன குடும்பம் இருபது வருஷத்துக்குத் தலைநிமிர முடியாது.

பெரியவரின் மகன்கள் இரண்டு பேரும் அந்தக் கறிக்கு இரு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள்.

"கிணத்துல கட்டித் தொங்கவிடுவோம்ணே."

"ஊரே குடிக்கிற தண்ணிடா அது. இன்னிக்கு அப்பா போயிட்டாரு, நாளைக்கு ஊரே போகணுமா?"

"அப்ப நீயே உக்காந்து தின்னு முடி."

ரொட்டி பொரிக்கப் பிசைந்த மாவுடன் ஜிபார் அந்தப் பக்கம் வந்தாள். எதிர்வீட்டுக்காரி, சாலையோரத்தில் கடை வைத்திருப்பவள். கறியையும் பார்த்தாள், இவர்களையும் பார்த்தாள்.

"ஏண்டா, வெயில்ல வெச்சுகிட்டு வாய்ச்சண்டை போடுறீங்க? தூக்கிட்டு வாங்க கடைக்கு."

"அக்கா, அது கம்பெனி ஃப்ரிட்ஜாச்சே" என்றான் இளையவன்.

"தெரியும். தூக்கிட்டு வா."

அந்த ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டு கண்ணாடிக் கதவுகள். நெற்றியில் கம்பெனியின் பெயர் ஊதா வெளிச்சத்தில் இரவும் பகலும் எரியும். அந்த அமெரிக்கக் கம்பெனியின் சோடாவையும் சிப்ஸையும் விற்காத நாடு உலகத்தில் இல்லை என்பார்கள். நரின் சாலையில் எங்கள் ஊரைக் கண்டுபிடித்து மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்கள். வாடகை கிடையாது, விலை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே கம்பெனியின் பாட்டில் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. எந்தத் தட்டில் எந்தப் பாட்டில், எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதற்குப் படம் போட்ட தாள் கதவில் ஒட்டியிருந்தது. வாராவாரம் கம்பெனி ஆள் வந்து போனில் படம் எடுத்து அனுப்புவான். ஒருமுறை ஜிபார் பின்வரிசையில் ஒரு மோர்ப்பாட்டிலை வைத்துவிட்டாள். அதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன் பிறகு சொந்த மகள் குடிக்கும் பாலைக்கூட அவள் உள்ளே வைத்ததில்லை. பால் திரிந்தால் திரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

இவ்வளவுக்கும் அவள் அடங்கிப்போனதற்குக் காரணம் கெஞ்சேபெக், அவள் புருஷன். மாஸ்கோவில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆறு குளிர்காலம் பெட்டி தூக்கினான். போகும்போது மகள் ஐபெரிக்கு ஒரு வயது. அவள் அப்பாவைப் போனில்தான் பார்த்து வளர்ந்தாள். சாப்பிடும்போது போனுக்கு முன்னால் ஒரு துண்டு ரொட்டியை வைப்பாள், அப்பா சாப்பிடட்டும் என்று. ஃப்ரிட்ஜ் வந்த வருஷம் கடை சூடுபிடித்தது. ஏரிக்குச் சுற்றுலா போகிற வெளியூர்க்காரர்களும் லாரி டிரைவர்களும் ஊதா வெளிச்சத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் விற்பதில் ஒரு குளிர்காலம் ஓடும். கெஞ்சேபெக் திரும்பி வந்தான். முதுகு வளைந்து வந்தான், ஆனாலும் வந்தான். ஃப்ரிட்ஜ் நிற்கிறவரை அவன் ஊரில் நிற்பான். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஜிபாருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்டவள், சாவு வீட்டுக் கறியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இதைத்தான் கம்பெனிக்காரர்களால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? எதிர்வீட்டில் பிணம் கிடக்கிறது. நம் வீட்டில் குளிர்ந்த பெட்டி இருக்கிறது.

பாட்டில்களை வெளியே எடுத்துத் தரையில் அடுக்கினாள். எலுமிச்சைச் சோடாவை மொத்தமாக ஒரு சாக்கில் போட்டுக் குழி வெட்டுகிறவர்களுக்கு அனுப்பினாள். அரிவாளைத் தீட்ட வந்த கெஞ்சேபெக் வாசலில் நின்று பார்த்தான். விலா உள்ளே போகவில்லை, தட்டு இடித்தது.

"தட்டைக் கழட்டணும்" என்றான்.

"கழட்டத் தெரியுமா?"

"மாஸ்கோல ஆறு வருஷம் வேற என்னத்தப் படிச்சேன்?"

இரண்டு தட்டுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் புல்லறுக்கப் போனான்.

மறுநாள் பதினொரு மணிக்கு வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. வழக்கமாகப் படம் எடுக்கிறவன் அல்ல. தலைநகர் பீஷ்கெக் அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்த பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். ஜிபார் அப்போது சாவு வீட்டில் இருந்தாள். ஐபெரி ஓடிப் போய்க் கூட்டி வந்தாள். கை முழுக்க மாவுடன் ஜிபார் கடைக்குள் நுழைந்தபோது அந்தப் பெண் ஃப்ரிட்ஜைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஊதா வெளிச்சத்துக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால், குதிரையின் விலா முழுசாகத் தெரிந்தது.

"என்ன இது?"

"கறி."

"கறின்னு தெரியுது. கம்பெனி ஃப்ரிட்ஜ்ல எப்படி?"

"எதிர்வீட்ல சாவும்மா. நாளைக்கு அடக்கம். சாயங்காலம் சம்பந்திங்க வந்ததும் எடுத்துருவோம். கழுவித் தொடச்சு, உங்க பாட்டிலைப் பழையபடி அடுக்கிருவேன்."

"இது உணவுப் பாதுகாப்பு விஷயம். பிராண்டோட மரியாதை விஷயம்."

"மரியாதை விஷயம்தான், நானும் அதைத்தானே சொல்றேன்? வாங்க, ஒரு கிண்ணம் டீ குடிச்சிட்டுப் போங்க. சாவு வீட்டு ரொட்டிய ஒரு விள்ளல் வாயில போடாம போகக் கூடாது."

"நான் வேலையில இருக்கேன்."

"எல்லாருந்தான் வேலையில இருக்கோம்."

அந்தப் பெண் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் அந்த நேரம், சாயங்காலத்துக்கு முன்பே, சம்பந்திகளின் முதல் வண்டி திரும்பியது. உள்ளிருந்த ஆண்கள் வழக்கப்படி இறங்கும்போதே "எங்கப்பா, எங்கப்பா" என்று ஓலமிட்டுக்கொண்டு ஓடினார்கள். வெள்ளைக் கார் அவர்களுக்கு வழிவிடாமல் ஆரன் அடித்தது. எங்கள் ஊரில் சாவுக்கு நடுவில் ஆரன் அடித்த முதல் ஆள் அவள்தான்.

இடுப்பெலும்பு சம்பந்தியின் முன்னால் வைக்கப்பட்டது. கறி கெடவே இல்லை. மூத்த சம்பந்தி அதை வெட்டிப் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இந்த வெயிலிலும் இப்படி ஒரு பந்தி வைத்தீர்களே என்று துர்துபெக்கின் தோளைத் தட்டினார். அடக்கத்துக்கு எல்தியாரும் வந்திருந்தான். கெஞ்சேபெக்கின் அக்கா மகன். கம்பெனியின் வட்டார விற்பனை ஆள் அவன்தான். மாமன் கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். பிணத்துக்கு மண் போட்டான், அழுதான், மற்றவர்களோடு உட்கார்ந்து அந்தக் கறியைத் தின்றான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் போன் செய்தான். ஜிபார் ஃப்ரிட்ஜைச் சோடா உப்புப் போட்டு மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். போனைக் கெஞ்சேபெக் எடுத்தான். "ம்" என்றான். "ம்" என்றான். "சரிடா" என்றான். அவ்வளவுதான். பிறகு கொல்லைக்குப் போய் வேறு யாருக்கோ போன் போட்டு ரஷ்ய மொழியில் பேசினான். ஆள் எடுக்கிறார்களா, எந்தக் கிடங்கு, தங்க இடம் உண்டா என்று கேட்டது ஜன்னல் வழியாகக் கடைக்குள் விழுந்தது. ஜிபார் துணியைப் பிழிந்து, கழுவிய கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள்.

எல்தியார் ஃப்ரிட்ஜை எடுத்துப்போக லாரியோடு வந்தது அதற்கடுத்த நாள். மருமகன் வருவதைவிட ஏழு ஓநாய் வரட்டும் என்று எங்களிடம் ஒரு பழமொழி உண்டு. அக்கா மகன் மாமன் வீட்டில் எதைக் கேட்டாலும் மாமன் மறுக்கக் கூடாது. குதிரையைக் கேட்டாலும் சேணத்தோடு கொடுக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்கிற பழமொழிதான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. லாரியின் பக்கவாட்டில் கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் புல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடை வாசலுக்கு வந்துவிட்டோம்.

எல்தியார் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அத்தை."

"உக்காரு. ரொட்டி சாப்பிடு."

"வேணாம் அத்தை."

"சாப்பிடுடா. மாமன் வீட்டுக்கு வந்துட்டு ரொட்டி தொடாம போறது எந்த ஊர் வழக்கம்? அதுவும் கம்பெனி ரூலா?"

அவன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். விழுங்க முடியவில்லை.

"அன்னிக்குக் கறி மட்டும் நல்லா விழுங்கின" என்றாள் ஜிபார். "எந்த ஃப்ரிட்ஜ்ல இருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"இதை அந்தப் பொம்பளைகிட்ட எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே? குளிர்ச்சி நல்லா இருக்கு, கறி கெடலன்னு."

வாசலில் யாரோ சிரித்தார்கள். ஜிபார் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கரண்டு என்னது. எடம் என்னது. தெனம் தொடச்ச கை என்னது. மூணு வருஷம் எம்பொண்ணு பாலைக்கூட அதுல வைக்கல. மூணே மூணு நாள் ஒரு செத்த மனுசனுக்காகத் தொறந்தேன். அதுக்கு இதுவாடா?"

"நான் சொல்லிப் பாத்தேன் அத்தை."

"யாருகிட்ட சொன்ன?"

"ருஸ்லான் மராத்தோவிச்கிட்ட. ஏரியா மேனேஜர்."

"போன் போடு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் போடு. நான் இங்க இருக்கேன்னு சொல்லாத."

எல்தியார் மாமனைப் பார்த்தான். கெஞ்சேபெக் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். எல்தியார் போன் போட்டான்.

"ருஸ்லான் மராத்தோவிச், நான் எல்தியார். மாமா கடையிலதான் இருக்கேன். ஒரு எச்சரிக்கையோட விட்டுரலாமான்னு கேக்கலாம்னு..."

"தம்பி, படம் அல்மாத்தி ஹெட் ஆபீஸ் வரைக்கும் போயிருச்சு" என்றது போன். நல்ல குரல். சாப்பாட்டுக்குப் பிந்தைய குரல். "குதிரை விலா மேல நம்ம பேரு ஜொலிக்குது. எல்லாரும் சிரிக்கிறாங்க. பெட்டியை எடுத்துட்டு வா. இல்லேன்னா அதோட விலை உன் சம்பளத்துல போகும், அப்புறம் சம்பளமே போகும்."

"மாமா குடும்பத்துக்கு இதுதான் சோறு."

"நான் உன்னை ஏன் அனுப்பினேன்னு நினைக்கிற? அந்த ஊருக்கு வேற எவனை அனுப்பினாலும் லாரி டயரைக் கிழிச்சிருப்பாங்க. நீ மருமகன். நீ கேட்டா உன் மாமன் கொடுத்துத்தான் ஆகணும். நானும் நம்மாளுதானே, எனக்குத் தெரியாதா?"

ஜிபார் எல்தியாரின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நீ நம்மாளா?"

"யாரு பேசுறது?"

"குதிரைக்கறி வெச்சவ பேசுறேன். நீ நம்மாளா? உங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் செத்ததில்லையா? செத்தா, அழ வர்றவங்களுக்கு என்னத்தப் போடுவ? சிப்ஸ் பாக்கெட்டா?"

"அம்மா, கொஞ்சம் அமைதியா... ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு."

"அப்ப ரூல்ஸை அனுப்பியிருக்கணும். ஏன் மருமகனை அனுப்பின? வக்கீலை அனுப்பு, போலீஸை அனுப்பு, நான் கதவை மூடிட்டு ஒரு கை பாப்பேன். எங்க வீட்டு உறவை எடுத்து எங்க கதவையே ஒடைக்கிறியே, அமெரிக்காக்காரனுக்குக்கூட இது தோணாது. நம்மாளுக்குத்தான் தோணும்!"

போன் அணைந்தது. யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை.

எல்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மனைவி மாசமாக இருக்கிறாள், பீஷ்கெக்கில் வாடகை வீடு. எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவன் மாமனுக்கு முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மாமா, நான் கேக்குறேன்."

கெஞ்சேபெக் சுவரை விட்டு நகர்ந்தான். "எடுத்துக்க" என்றான். ப்ளக்கைப் பிடுங்கினான். ஊதா வெளிச்சம் அணைந்தது.

ஆனால் தூக்க வேண்டுமே. நூற்றிருபது கிலோ. எல்தியாரும் லாரி டிரைவரும் சேர்ந்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். லாரித் தளம் மார்பு உயரம். டிரைவர் எங்களைப் பார்த்தான். எங்கள் ஊரில் யார் வீட்டில் எதைத் தூக்குவதென்றாலும் கேட்கும் முன்னால் பத்துக் கைகள் வரும். கூரைக்கு உத்திரம் ஏற்றினாலும் சரி, பிணத்தைத் தூக்கினாலும் சரி. அன்று ஒரு கையும் வரவில்லை. நானும் அங்கேதான் நின்றேன். என் கையும் போகவில்லை.

துர்துபெக் மட்டும் பேசினான். "எல்தியார், நீ எங்கப்பாவுக்கு அழுத. அதனால லாரிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா தூக்க மாட்டோம். போய் உங்க மேனேஜரை வந்து தூக்கச் சொல்லு."

கெஞ்சேபெக் சட்டைக் கையை மடித்தான். "மேல ஏறி நின்னு இழுங்கடா" என்று அவர்கள் இரண்டு பேரையும் லாரியில் ஏற்றினான். பெட்டியைச் சாய்த்து, கீழே கையைக் கொடுத்து, தனியாகத் தூக்கப் பார்த்தான். முதுகு வளைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பெட்டி ஒரு சாண் எழும்பி இறங்கியது.

"தள்ளுங்க" என்றாள் ஜிபார்.

"நீ போடி உள்ள."

"தள்ளுங்கங்கிறேன். இந்த வீட்டு மருமகன் கேட்டு வெறுங்கையோட போனான்னு நாளைக்கு ஒருத்தி என்னைச் சொல்லக் கூடாது."

பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கம் கையைக் கொடுத்தாள். ஐபெரி ஓடி வந்தாள். "நீ தள்ளி நில்லு!" என்று போட்ட சத்தத்தில் அந்தச் சிறுமி எங்கள் வரிசைக்குள் வந்து ஒண்டிக்கொண்டாள். இருவரும் தூக்கினார்கள். பெட்டி எழும்பியது. தொடை உயரம், இடுப்பு உயரம். அதன் மேல்முனை லாரியின் விளிம்பில் சாய்ந்தது. இன்னும் ஒரே ஒரு தள்ளு. மேலே இருவரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இப்போ! தள்ளுங்க!" என்றார்கள்.

ஜிபார் தள்ளவில்லை.

பெட்டிக்கு அந்தப் பக்கம் புருஷனின் முகம் தெரிந்தது. வேர்வை கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"மாஸ்கோ போறீங்களா?" என்றாள்.

"என்னடி?"

"நேத்து போன்ல கேட்டீங்களே. போறீங்களா?"

"இப்பவா கேக்குற? தள்ளு!"

"சொல்லுங்க."

"கை நழுவுது ஜிபார்!"

"நழுவட்டும். ஆறு வருஷம் போங்கன்னு அனுப்பினேன். ஒரு தடவைகூட இருங்கன்னு கேக்கல. அக்கா மகன் கேட்டா மறுக்கக் கூடாது, எனக்கு அப்படி ஒரு முறையும் கிடையாது. முறை இல்லாமத்தான் கேக்குறேன். ஊர் முன்னாடி கேக்குறேன். சொல்லுங்க, இல்லாட்டி இதை இப்படியே கீழ போட்டு ஒடைப்பேன்."

"அத்தை!" என்று அலறினான் எல்தியார். "மாமா, சொல்லித் தொலைங்க மாமா!"

பெட்டி ஆடியது. கெஞ்சேபெக்கின் முழங்கால் நடுங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். துர்துபெக் ஒரு அடி முன்னால் வைத்தான். அவன் தம்பி சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"போகல!" என்று கத்தினான் கெஞ்சேபெக்.

"சத்தமா."

"போகலடி! எங்கயும் போகல! தள்ளு!"

அவள் தள்ளினாள். தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு ஆம்பளை தள்ளுவதுபோலத் தள்ளினாள். பெட்டி உறுமிக்கொண்டு லாரிக்குள் போய் விழுந்தது. உள்ளே எங்கேயோ ஏதோ விரிசல் விட்டது. எதுவென்று யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

எல்தியார் இறங்கி வந்து ஒப்படைப்புத் தாளை நீட்டினான். ஜிபார் வாங்கவில்லை. "மாமன்கிட்ட வாங்கிக்க. குழந்தை பொறந்தா சொல்லு, வர்றேன். இந்த லாரில மட்டும் இனி இந்தப் பக்கம் வராத" என்றாள். அவன் தலையாட்டினான். லாரி சாலையில் ஏறி, பாலத்தைத் தாண்டி மறைந்தது.

கெஞ்சேபெக் வாசல்படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்களில் யாருக்கும் கலைய மனம் வரவில்லை. ஜிபார் அவனுக்கு எதிரில் நின்று மூச்சு வாங்கினாள். கோபம் இறங்கவே இல்லை. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

அப்போது நரின் பக்கமிருந்து நிலக்கரி லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, குளுகுளுன்னு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"தண்ணியாவது?"

"குளிர்ந்தது ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல! டீ இருக்கு. வெண்ணெய் இருக்கு, ரொட்டி இருக்கு. இறங்கி வா."

அந்த ஆள் அவளைப் பார்த்தான். வாசலில் நின்ற எங்கள் முப்பது பேரையும் பார்த்தான். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். கெஞ்சேபெக் படியிலிருந்து எழுந்து, முதுகைப் பிடித்தபடியே, சமோவாருக்குத் தீ மூட்ட உள்ளே போனான்.